கழுவிக் காயவைத்த பெட்டிகள்

கையெழுத்துப் போட ஆர்ஷாவுக்குச் சரியாக இருநூற்றுப் பதினாறு மணி நேரம் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காகிதத்தை நீட்டினார் ஆய்வகத் தலைவர் லிங்கராஜ் சார். "இந்தத் திங்கள் வேண்டாம். அடுத்த திங்கள் பத்து மணிக்குக் கமிட்டி கூடுது. அப்போ போட்டாப் போதும். நிதானமா யோசி." ஒன்பது நாள் அவகாசம் கொடுத்ததே பெரிய தாராளம் என்பது போல ஒரு சிரிப்பு வேறு.

நான்கே வரி. கண்ணாடிக் குழாய்களைக் கழுவி உபயோகித்ததாலும், டிப் பெட்டிகளை மறுபடி நிரப்பியதாலும் ஆய்வகத்தில் வளர்த்த உயிர்ச் செல்கள் கிருமி புகுந்து கெட்டுப்போயின... அதற்கு நானே பொறுப்பு. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவள் பெயர், அழகாக டைப் அடித்து.

போட்டால் இன்னும் பதினொரு மாதம் வேலை. போடாவிட்டால் வீட்டுக்கு.

பதினொரு மாதம்... அதுவே ஒரு தந்திரம். பதினொரு மாதம் முடிந்ததும் ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதாம். எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாக வந்தவள் ஆர்ஷா. இப்படி இரண்டு முறை ஒருநாள் செத்துப் பிழைத்திருந்தாள்.

அவள் செய்த குற்றம் இதுதான். டிப் என்பது விரல் நீளப் பிளாஸ்டிக் முனை. ஒரு துளி எடுக்க ஒன்று, எடுத்ததும் குப்பைக்கு. தொண்ணூற்றாறு டிப்புக்கு ஒரு கெட்டிப் பெட்டி. டிப்பை விடுங்கள்... அந்தப் பெட்டியையும் அல்லவா ஒவ்வொரு முறையும் தூக்கிப் போட்டார்கள்? உயிர்களைக் காப்பாற்றும் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு மாதம் முப்பது கிலோ பிளாஸ்டிக். ஆர்ஷா தராசில் நிறுத்தே பார்த்தாள். பிறகு புதிய டிப்புகளைப் பை பையாக வரவழைத்து, பழைய பெட்டிகளில் தானே அடுக்கி, நீராவியில் வேகவைத்து எடுத்தாள். பிளாஸ்டிக் குழாய்களுக்குப் பதிலாக, அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கிய கண்ணாடிக் குழாய்களை எழுப்பினாள். முப்பது கிலோ பதினொன்றாக இறங்கியது.

உபயோகித்த டிப் ஒன்றையாவது மறுபடி தொட்டாளா? இல்லை. நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிஷம்... அதில் பிழைத்துக் கிடக்கும் கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தால், அதற்கே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம்.

இதையெல்லாம் சாரிடம் சொன்னாளா? சொல்லவில்லை. "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. அந்த "சரி சார்" தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"எடீ, நீ ஒப்பு போடல்லே, கையெழுத்து வேண்டவே வேண்டாம், கேட்டோ," என்றாள் லிபி. பக்கத்து மேஜைக்காரி. பிஎச்.டி. ஐந்தாம் வருஷம். கெட்டுப்போன செல்களில் பாதி அவளுடையவை, எட்டு மாத உழைப்பு. "எனக்குக் கோபம் உண்டு. பக்ஷே உன்மேல இல்ல. நீ போட்டா, நாளைக்கு எல்லா லேபிலயும் சொல்லுவாங்க... கண்டோ, கழுவினதாலதான் எல்லாம் நாசமாச்சுன்னு. பின்னே பழையபடி முப்பது கிலோ."

ஆர்ஷா தன் சாக்குப்பையை எடுத்தாள். விரிசல் விட்ட பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, சனிக்கிழமைதோறும் தன் ஊரான பாறசாலைக்குக் கொண்டு போவாள். அப்பா நேசையன் அதில் மண் போட்டு மிளகாய் நாற்று வளர்ப்பார். வாசலில் காவல் இருக்கும் வன்னியராஜ் அண்ணனின், வருவதும் போவதும் எழுதும் தடித்த பதிவேட்டில், வெளியே போகும் பொருள் 'காலிப் பெட்டி, நாற்பது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரத்தில் உண்மைக்காக அவள் போட்ட ஒரே கையெழுத்து.

பஸ் ஏறப் போகும் வழியில், பழவங்காடியில் மழை பிடித்தது.

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் சிதறி ஓடியது. ஆர்ஷாவும் ஓடினாள். சாக்கின் அடி கிழிந்தது. நீலமும் மஞ்சளுமாகப் பெட்டிகள் ரோடெல்லாம் உருண்டன. ஒரு கால் வந்து ஒரு மஞ்சள் பெட்டியின் மேல் ஏறியது... அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் இரண்டடி சறுக்கினான். அவன் கையிலிருந்த தேங்காய் பறந்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் சக்கரத்தருகே விழுந்து, இரண்டாக உடைந்தது.

அவன் தேங்காயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இமையெல்லாம் மழைத்துளி. கோபப்பட்டுப் பழக்கமில்லாத கண்கள்... ஆனாலும் கோபப்பட முயன்றன.

"ஏங்க, இது ரோடா, உங்க ஆத்துக் கூடமா?"

ஆத்துக் கூடம்... கோட்டைச் சுவருக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பையன். ஆர்ஷா குனிந்து பெட்டி பொறுக்கிக்கொண்டே, தனக்கே தெரியாமல் சொல்லிவிட்டாள்.

"உடைக்கத்தானே கொண்டு வந்தீங்க? உடைஞ்சாச்சு."

"உடைக்கிறதுக்கு ஒரு இடம் உண்டு. பிள்ளையாருக்கு முன்னால. பஸ்ஸுக்கு முன்னால இல்ல."

"பிள்ளையாருக்கு அங்கேருந்து பார்த்தாத் தெரியாதாக்கும்?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். சிரித்துவிட்டான்.

"ஆஸ்பத்திரி வேஸ்ட் ஆணோ இது?" என்று ஆட்டோவிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். ஆர்ஷாவின் முகம் சுண்டியது. அவள் பதில் சொல்வதற்குள் அவன் மஞ்சள் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இல்ல சேட்டா. டிப் பெட்டி. இருநூறு மைக்ரோ லிட்டர். நல்லா கழுவினது." அவளிடம் திரும்பினான். "எந்த லேப்?"

பார்த்தவுடன் அளவு சொல்கிறவன்... நம்ம ஆள். பாறசாலை பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவன் பையிலிருந்து குடையை எடுத்து விரித்துப் பாதியை நீட்டினான். அவள் பாதிக்கும் பாதியில் நின்றுகொண்டாள். அப்புறம் என்ன நேர்ந்தது என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டு வருஷமாக யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், முன்பின் தெரியாத ஒருவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முப்பது கிலோ, பதினொரு கிலோ, காகிதம், கோடு, சிரிப்பு...

"அந்த மனுஷனுக்கு செல்லைக் கெடுத்த கிருமி, மைக்கோபிளாஸ்மா, எங்கேருந்து வரும்னு தெரியாதா? வெளியேருந்து வர்ற செல்லுலதான் வரும். அதனாலதான் புதுசா வர்றதை ரெண்டு வாரம் தனியா வச்சு, சோதிச்சுட்டு மத்ததோட சேர்க்கணும்னு சொல்றது. எனக்க பெட்டியில வந்துச்சாம். எனக்க கண்ணாடிக் குழாயில வந்துச்சாம்."

"எப்போ கெட்டுது?"

"ஜூன் பதினாலு அன்னைக்குக் கண்டுபிடிச்சது. ரெண்டு வாரம் முன்னாலயே புகுந்திருக்கும்."

அவன் கண்கள் எங்கோ போயின. மழையைப் பார்க்கிறான் என்று நினைத்தாள்.

"நான் சுமந்த்," என்றான். "ஹைதராபாத்ல பிஎச்.டி. முடிச்சேன். திங்கட்கிழமை இங்க ஒரு லேப்ல சேர்றேன். அதுக்குத்தான் அம்மா தேங்காய் கொடுத்தனுப்பினா."

"எந்த லேப்?"

"நீங்க இத்தனை நேரம் சொன்னேளே... அந்த மனுஷனோட லேப்."

ஆர்ஷாவுக்கு அப்படியே மழையில் கரைந்துவிடலாம் போலிருந்தது. நல்லவேளை, பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, அவன் ஒரு மஞ்சள் பெட்டியைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தான். தேங்காய்க்கு ஈடாம்.

திங்கள் முதல் அவன் அவள் எதிர்மேஜை.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்து டிப் அடுக்கினான். அவன் அடுக்கினால் எல்லாம் ஒரு பக்கம் சாயும். அவள் பிரித்து மறுபடி அடுக்குவாள்.

"நீங்க ஒரு பெட்டி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு முடிச்சாச்சு," என்பான்.

"ரெண்டையும் நான் மறுபடி செய்யணும். அப்போ எனக்கு மூணு."

"என்ன கணக்கு இது?"

"எனக்க கணக்கு."

"எனக்க, எனக்க... பாறசாலைக்காரா எல்லாரும் இப்படித்தானா?"

"ஆத்துல போய்க் கேளுங்க."

அப்போதெல்லாம் அவன் சிரிப்பான். கண்ணோரம் இரண்டு கோடு விழும். அந்தக் கோடுகளுக்காகவே அவள் எதையாவது சொல்ல ஆரம்பித்தாள் என்பதை, புதன்கிழமை வரை தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை. அவகாச நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. அலமாரிக்குள் கையெழுத்தில்லாத காகிதம் இருந்தது. இந்த நேரத்திலா இதெல்லாம்... என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை அவன் தனியாக ஏதோ சோதனை ஓட்டினான். இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அன்று டிப் அடுக்க வரவில்லை. சாயங்காலம் வந்து நின்றான்.

"ஆர்ஷா... ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"...ஒண்ணுமில்ல. நாளைக்குச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமையும் அதே கதை. லிபி பார்த்துக்கொண்டே இருந்தாள். "எடீ, அவனுக்குப் பிரேமமாக்கும். பாவம், வார்த்தை வரமாட்டேங்குது."

"சும்மா இரு லிபி."

சும்மா இரு என்றாள். ஆனால் அன்று பஸ்ஸில், கண்ணாடி ஜன்னலில் தன் முகம் சிரிப்பதைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள்.

சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. மே மாதம் முதல் அவள் வெளியே கொண்டுபோன பெட்டிகள் எத்தனை, தேதிவாரியாக எழுதித் தர வேண்டும். திருடியைப் போல. சீட்டோடு வன்னியராஜ் அண்ணன் முன்னால் நின்றாள்.

"பதிவேடு வேணுமா மக்கா? எடுத்துப் பாரு. உனக்க எழுத்து எல்லாம் முத்து முத்தா இருக்கும்."

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள். ஜூலை... ஜூன்... மே கடைசிச் சனிக்கிழமை. காலிப் பெட்டி, முப்பத்தாறு. தன் கையெழுத்து. அதற்கு நேர் கீழே வேறொரு வரி.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மழை கூரைத் தகரத்தில் சடசடத்தது. மறுபடி படித்தாள். போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். பதிவேட்டை மெதுவாக மூடினாள்.

"என்ன மக்கா, முகம் ஒருமாதிரி ஆயிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

வாசலைத் தாண்டியபோது பின்னாலேயே சுமந்த் குடையோடு ஓடி வந்தான். பஸ் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தார்கள். அவன் தோள் பாதி நனைந்துகொண்டிருந்தது. குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்திருந்தான்... அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

"ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

அவன் கண்கள் நேராக அவள் கண்களுக்குள் வந்தன. எத்தனை நாள் அதற்காக ஏங்கியிருக்கிறாள். இப்போது அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள்.

"மழை... விடாது போலிருக்கு," என்றான்.

"ஓ," என்றாள். பஸ் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்மா எலிசாள் பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள். "என்ன பிள்ளே, ஜெபப் புத்தகத்தைத் தலைகீழா வச்சிருக்கியே."

திங்கள். காலை ஒன்பது ஐம்பத்தெட்டு.

நீள மேஜை. ஒரு முனையில் கமிட்டித் தலைவி, வெள்ளை முடி, மெல்லிய கண்ணாடி. வலப்பக்கம் லிங்கராஜ் சார். ஆய்வகத்தினர் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். ஆர்ஷா காகிதத்தை முன்னால் வைத்தாள். போனை அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். கடிகாரத்தையே பார்த்தாள்.

"போடும்மா," என்றார் சார். பேனாவைத் திறந்தே கொடுத்தார். "சின்ன விஷயம். வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே இந்தக் கழுவறது, நிரப்பறது எல்லாம் வேண்டாம். இது லேப். அடுக்களை இல்ல."

பத்து மணி.

அடுக்களை... அந்த வார்த்தை உள்ளே எங்கோ போய்ச் சுருக்கென்று தைத்தது. கடிகார முள் நகர்ந்தது. பத்து ஒன்று. பத்து இரண்டு. அவள் கை போனை நோக்கி ஒரு விரல் நகர்ந்தது. இன்னும் ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்...

"மேடம்."

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். லேசாகக் கரகரத்தது.

"அந்தக் கிருமி ஆர்ஷாவோட பெட்டியில வரல்ல. நான் கொண்டு வந்தேன். மே மாசம் இன்டர்வியூவுக்கு வந்தப்போ, ஹைதராபாத்லேருந்து ஒரு ஃபிளாஸ்க் செல் கொண்டு வந்தேன். சோதிக்கல்ல. தனியா வைக்கல்ல. எல்லார் செல்லும் வளர்ற இன்குபேட்டர்லயே வச்சேன். அதே செல்லுல அன்னைக்கே உறையவச்சிருந்ததைப் போன வியாழக்கிழமை சோதிச்சேன். பாசிட்டிவ்."

லிபி கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தனியா வைக்கிறதுக்கு இன்குபேட்டர் இல்லையா அங்க?" என்றார் தலைவி.

"உண்டு மேடம். அதுக்குள்ள புது டிப் பெட்டிகளை அடுக்கி வச்சிருந்தது. ஒரு ராத்திரிதானே, பரவாயில்லைன்னு..."

"யார் சொன்னது பரவாயில்லைன்னு?"

சுமந்த் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "லிங்கராஜ் சார் சொன்னார். ஆனா வச்சது என் கை. வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆர்ஷா பேனாவை எடுத்தாள். கோட்டின் மேல், முத்து முத்தான எழுத்தில், 'இதில் எழுதியிருப்பது உண்மையல்ல' என்று எழுதி, அதன் கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டாள். காகிதத்தைச் சாரிடம் தரவில்லை. எழுந்து போய்த் தலைவியின் முன்னால் வைத்தாள்.

"இது அடுக்களையா இருந்தா, சார்," என்றாள். "ஒரு கெட்ட சாமான் வந்தா, யாரு கொண்டு வந்தாங்கன்னு முதல்ல கேட்டிருப்போம்."

சாயங்காலம் பழவங்காடியில் மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்குப்பை இல்லாமல் கை வெறிச்சென்றிருந்தது அவளுக்கு. கோயிலுக்கு எதிரே அவன் நின்றான். கையில் ஒரு தேங்காய்.

"அம்மா மறுபடியும் தந்தாளா?"

"நானே வாங்கினேன். ஒரு மாசம் லேப் பக்கம் வரக்கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டா. விசாரணை. அதுக்கப்புறமும் வேலை இருக்குமான்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "உங்க கான்ட்ராக்டை நீட்டியாச்சாமே... லிபி சொன்னா. டிப் பெட்டி எல்லாத்தையும் இறக்கி, அந்த இன்குபேட்டரைக் காலி பண்ணியாச்சாம்."

"ஓ. ஒரு அறிவு வர எட்டு மாச வேலை நாசமாகணும். இல்லையா?"

அவன் தேங்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இருநூத்திப் பதினாறு மணி நேரம்," என்றாள். "இங்க, இதே இடத்துல, நான் அழாத குறையா எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு நின்னீங்க. அப்பவே சந்தேகம் வந்துச்சா இல்லையா?"

"வந்துது."

"பின்னே தினமும் வந்து எதிர்ல உக்காந்து டிப் அடுக்கினீங்க. கோணல் மாணலா."

"பயம், ஆர்ஷா. ரெண்டு வருஷம் வேலை தேடிக் கிடைச்சது இது. ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் வருவேன். உங்களைப் பார்த்ததும்... சொன்னா என்னை எப்படிப் பார்ப்பேளோன்னு பயம். முதல்ல வேலைக்காகப் பயந்தேன். அப்புறம் அதுக்காக இல்ல."

"எனக்கும் வேலைதான் போக இருந்துச்சு. எனக்குப் பயம் இருக்காதா?"

"இருக்கும்." தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிக்கச் சொல்லல்ல. நேர்ல நின்னு திட்டு வாங்கிக்கணும்னு தோணித்து. அதான் வந்தேன்."

கூட்டத்தில் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. ஆர்ஷா போனை எடுத்தாள். ஒரு படத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மழைத்துளி விழுந்த கண்ணாடியில், வன்னியராஜ் அண்ணனின் கோணல் எழுத்து. 'சுமந்த். தெர்மோகோல் பெட்டி ஒன்று. அதற்குள் செல் ஃபிளாஸ்க். லிங்கராஜ் சாருக்கு.' மேலே, காலிப் பெட்டி முப்பத்தாறு.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். முகத்தின் நிறம் மாறியது.

"இது... எப்போ எடுத்தது?"

"சனிக்கிழமை. மழை விடாது போலிருக்குன்னு சொன்னீங்களே, அதுக்குப் பத்து நிமிஷம் முன்னால."

"தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல்ல? அந்தப் பேனாவைக் கையில வாங்கற வரைக்கும்?"

"தியாகமொண்ணும் இல்ல. பத்து மணி அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா போனைத் திருப்பி மேடம் முன்னால வச்சிருப்பேன். உங்களையும் சாரையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்திருப்பேன்."

"அப்போ அந்த அஞ்சு நிமிஷம் எதுக்கு?"

அவள் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். பாறசாலை என்று போர்டு. டிரைவர் ஹாரன் அடித்தார். கால் நகரவில்லை. ஒன்பது நாளாகத் தொண்டையில் இருந்த முள், இப்போது வேறொரு வடிவத்தில் மேலே ஏறி வந்தது.

"நீங்களே சொல்லணும்னு இருந்துச்சு," என்றாள். கண்கள் நிறைந்திருந்தன, குரலில் மட்டும் கோபம் குறையவில்லை. "உங்களைப் பிடிச்சுப் போச்சு. அந்த ஆத்திரம்தான் எனக்கு இன்னும் தீரல்ல."